யாருடைய பிள்ளை? மொன்ரிசோரியின் தேசிய மன்றும் எமது சனிக்கிழமை வகுப்புகளும்

1

நெதர்லாந்தில் ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் தமிழ் வகுப்புகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருவதற்கான வரைவு ஒன்று சில மாதங்களாக எம்மிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. பதினான்கு பக்கங்கள். இலாபநோக்கற்ற தேசிய மன்று ஒன்றை நொத்தாரிசு முன்னிலையில் பதிவுசெய்வது, பொதுப் பாடநூல், பொதுப் பரீட்சை, ஆசிரியர் பயிற்சி என்று அது விரிகிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை 'பிள்ளைமையக் கல்வி' என்று முதற் பக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மரியா மொன்ரிசோரியின் பெயர் மூன்று இடங்களில் வருகிறது. அதே முதற் பக்கத்தின் அடியில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது: பிள்ளைகள் எமது தேசத்தின் எதிர்காலச் சொத்துகள் என்று.

இந்த வரைவை எழுதியவர்கள் என்னுடைய நண்பர்கள். நான் வீட்டில் இருந்து இலக்கியம் பேசிய காலத்தில் குளிரிலும் மழையிலும் சைக்கிளில் போய், ஒரு சதமும் வாங்காமல் வகுப்பு எடுத்தவர்கள் அவர்களில் சிலர். பின்னர் நானும் ஒன்பது ஆண்டுகள் எடுத்தேன். ஆகவே வெளியில் நின்று கல்லெறிவதாக யாரும் நினைக்கக் கூடாது. என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அரைப் பக்கக் கடிதமே போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரே பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது இங்கு எழுப்பப்படவே இல்லை. பிள்ளை மையம் என்றால் பிள்ளை யாருக்கும் சொத்தல்ல. பிள்ளை சொத்து என்றால் மையத்தில் இருப்பது பிள்ளையல்ல, அதன் உடைமையாளர்.

வரைவு மொன்ரிசோரியைச் சாட்சிக்கு அழைப்பதால் அவரையே கேட்போம். ஏனென்றால் பிள்ளைமையக் கல்வியைப் பரப்பத் தேசிய மன்று ஒன்றை அமைத்தால் என்ன நடக்கும் என்பதை அவர் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்திருக்கிறார். அந்த மன்றின் பெயர் ஒபேரா நாசியனாலே மொன்ரிசோரி. ஆண்டு 1924. நாடு முசோலினியின் இத்தாலி.

2

மொன்ரிசோரி 1870இல் பிறந்தவர். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 'மந்தபுத்தி' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடுதான் தொடக்கத்தில் வேலைசெய்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகென் ஆகியோரின் எழுத்துகளை அப்போது படித்தார். அந்தப் பிள்ளைகளுக்குப் பயன்பட்ட வழி சாதாரண பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியில் இருந்துதான் அவரது கல்விச் சிந்தனை புறப்பட்டது.

1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமின் சான் லொரன்சோ பகுதியில் முதலாவது 'பிள்ளைகளின் வீடு' திறக்கப்பட்டது. அது திறக்கப்பட்ட காரணத்தை எமது ஆட்கள் சொல்வதில்லை. தொழிலாளர் குடியிருப்புகளைத் திருத்திக் கட்டிய ஒரு வீட்டுமனைக் கம்பனிக்குப் பிரச்சினை ஒன்று இருந்தது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படிகளிலும் முற்றத்திலும் ஓடித் திரிந்து, புதுச் சுவர்களைப் பழுதாக்கினார்கள். சுவரைக் காப்பாற்றப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்திருக்க வேண்டும். அந்த அறைக்குப் பொறுப்பாகத்தான் மொன்ரிசோரி அழைக்கப்பட்டார். பணம் கொடுத்தவர்களின் நோக்கம் சுவர். அவருடைய நோக்கம் பிள்ளை. அந்த இடைவெளிக்குள் நின்றுதான் அவர் தன் வேலையைச் செய்தார். பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற மேசை, பிள்ளை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும் பொருட்கள், பிழையை ஆசிரியர் சொல்லாமல் பொருளே காட்டிக்கொடுக்கும் அமைப்பு, அடி இல்லை, பரிசும் இல்லை. நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் தொடங்கியபோது ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. 1909இல் அவரது நூல் வந்தது. 1912இல் ஆங்கிலத்தில் வந்தது.

இங்கே விமர்சனமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. மொன்ரிசோரியின் பொருட்களுக்கு ஒரே ஒரு 'சரியான' பயன்பாடே உண்டு என்றும், பிள்ளையின் கற்பனைக்கும் கூட்டு விளையாட்டுக்கும் அங்கே இடம் குறைவு என்றும் அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் 1914இலேயே ஒரு நூலில் எழுதினார். அது முற்றிலும் அநியாயமான விமர்சனம் அல்ல. மேலும், ஆசிரியர்களைப் பயிற்றும் உரிமையை மொன்ரிசோரி தன் கையிலேயே இறுக வைத்திருந்தார். தன் அனுமதி இல்லாமல் தன் முறையை எவரும் மற்றவருக்குக் கற்பிக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். வகுப்பறையில் அதிகாரத்தைக் கைவிடச் சொன்னவர் அமைப்பில் அதைக் கைவிடவில்லை. இதை வெறும் குணக்குறையாக எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

3

1920களின் தொடக்கத்தில் மொன்ரிசோரியின் பெயர் வெளிநாடுகளில் பெரிதாக இருந்தது. சொந்த நாட்டில் பள்ளிகள் குறைவு, பணம் குறைவு. முசோலினி ஆட்சிக்கு வந்ததும் இருவருக்கும் இடையில் ஒரு கொடுக்கல் வாங்கல் உருவானது. உலகம் புகழும் ஓர் இத்தாலியப் பெண் ஆட்சிக்குத் தேவைப்பட்டார். எழுத்தறிவின்மை பரவியிருந்த நாட்டில், சிறு வயதிலேயே ஒழுங்காக இருந்து எழுதப் படிக்கும் பிள்ளைகளை உருவாக்கும் முறையும் தேவைப்பட்டது. மொன்ரிசோரிக்கு அங்கீகாரமும் நிதியும் தேவைப்பட்டன. 1924இல் ஒபேரா நாசியனாலே மொன்ரிசோரி சட்டபூர்வமான தேசிய மன்றாக அமைந்தது. முசோலினி அதன் கௌரவத் தலைவராக வந்தார். அரச ஆதரவோடு பள்ளிகள் திறந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. சஞ்சிகை வந்தது.

எமது வரைவு கேட்பவையும் ஏறத்தாழ இவைதான்: அங்கீகாரம், பயிற்சி, பொதுநூல், சஞ்சிகை. அவற்றைக் கேட்பதில் தவறில்லை. அவை என்ன விலையில் கிடைத்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் அதே ஆட்சி வேறு சிலவற்றையும் அமைத்துக்கொண்டிருந்தது. 1926இல் ஒபேரா நாசியனாலே பலில்லா வந்தது. எட்டு வயதில் இருந்து பிள்ளைகளுக்குச் சீருடை, அணிவகுப்பு. பிறகு ஆறு வயதுப் பிள்ளைகளும் 'ஓநாயின் பிள்ளைகள்' என்ற பெயரில் அதற்குள் சேர்க்கப்பட்டார்கள். 1930 அளவில் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அரசின் ஒரே பாடநூல் வந்தது. இரண்டு மன்றுகளின் பெயர்களும் ஒரே மாதிரி 'ஒபேரா நாசியனாலே' என்று தொடங்குவதைக் கவனிக்க வேண்டும். ஆட்சியின் பார்வையில் இரண்டும் ஒரே கருவிப்பெட்டியின் இரண்டு கருவிகள். ஒன்று பிள்ளையை அமைதியாக இருத்தும், மற்றது அணியில் நிறுத்தும்.

மொன்ரிசோரியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பத்து ஆண்டுகளையும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். பாசிசத்துக்கு அவர் பணிய மறுத்தார், ஆகவே 1934இல் நாட்டை விட்டு வெளியேறினார் என்பார்கள். வெளியேறியது உண்மை. பணிய மறுத்ததும் உண்மை. ஆனால் அதற்கு முன் பத்து ஆண்டுகள் அந்த ஆட்சியின் கூரையின் கீழ் அவர் இருந்தார் என்பதும் உண்மை. ஆட்சியின் தயவை நாடி முசோலினிக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவர் சமாதானம் பற்றிப் பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார். 1932இல் ஜெனீவாவில் கல்வியும் சமாதானமும் பற்றி உரையாற்றினார். மன்றின் நிர்வாகத்திலும் ஆசிரியர் நியமனத்திலும் ஆட்சியின் கை இறங்கியது. 1933இல் அவரும் மகன் மாரியோவும் தாம் உருவாக்கிய மன்றில் இருந்தே விலகினார்கள். 1936இல் இத்தாலியில் மொன்ரிசோரிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாசிகள் அதற்கு முன்பே மூடத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் விலகியபோது பள்ளிகளைத் தன்னோடு கொண்டுபோக முடியவில்லை என்பதுதான் என் பார்வையில் இதில் மிக முக்கியமானது. மன்று தேசியமானது. கட்டிடமும் நிதியும் பயிற்சிக் கல்லூரியும் அரசின் ஆதரவில் நின்றன. அவர் கையில் மிஞ்சியது ஒரு பெட்டியும் ஒரு பெயரும். ஓர் அமைப்பை உருவாக்கும்போது, உள்ளே போகும் வாசலை எல்லோரும் அலங்கரிக்கிறார்கள். வெளியே வரும் வாசல் எங்கே என்று எவரும் கேட்பதில்லை.

4

அதன் பிறகு அவர் எம்மைப் போல ஆனார். ஸ்பெயினில் பார்சலோனா. 1936இல் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டதும் அங்கிருந்து புறப்பாடு. பிறகு நெதர்லாந்து. 1939 நவம்பரில், 69 வயதில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலின் அழைப்பில் சென்னை அடையாறு. அருண்டேலின் மனைவி ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர். ஓலைக் கொட்டகையில் ஏறத்தாழ 300 பேருக்கு மொன்ரிசோரி பாடம் எடுத்தார். இத்தாலிய மொழியில் அவர் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களுக்கென்று வந்தவர்கள் அவர்கள். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. பாசிசத்தில் இருந்து ஓடிவந்தவர்கள் பிரித்தானிய ஆட்சியின் பார்வையில் 'எதிரி நாட்டார்' ஆனார்கள். மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். தாய் அடையாறு வளவுக்குள் மறிக்கப்பட்டார். ஓகஸ்ட் 31, அவரது எழுபதாவது பிறந்த நாளுக்கு, வைஸ்ராய் மாரியோவை விடுவித்தார். எந்த ஆட்சியில் இருந்து தப்பி வந்தாயோ அந்த ஆட்சியின் ஆளாகவே உன்னை வைத்துக் கேள்வி கேட்பது புகலிடம் தரும் நாடுகளின் பழைய பழக்கம். அகதி விண்ணப்பக்காரர்களான எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யுத்தகாலத்தில் கொடைக்கானலில் தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்பினாலும் மறுபடி வந்தார். பிள்ளையின் முதல் ஆறு வருடங்களைப் பற்றிய அவரது முக்கிய நூல் 1949இல் சென்னையில்தான் முதலில் அச்சானது. இந்தியாவில் மட்டும் அவரிடம் பயின்றவர்கள் ஆயிரத்துக்கு மேல்.

இவ்வளவும் நடந்த மண்ணில் என்ன மிஞ்சியது? யாழ்ப்பாணத்தில் 'மொன்ரிசோரி' என்றால் ஒரு கல்விமுறை என்று எவருக்கும் தெரியாது. நேர்சறிக்கு அது இன்னொரு பெயர். நான் போன மொன்ரிசோரியில் பிரம்பு இருந்தது. நாலரை வயதில் அரிவரியை முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது பாடசாலை தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லாது போனது. ஆனால் பாடசாலைக்கு முந்திய வயது பெரும்பாலும் தனியார் கையிலேயே விடப்பட்டது. சான் லொரன்சோவின் கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வழி எமது நாட்டில் சந்தாக் கட்டி அனுப்பக்கூடியவர்களின் கதவுக்கு வந்து நின்றுவிட்டது.

வேறு விதமாகவும் நடந்திருக்கலாம் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. குஜராத்தில் கிஜுபாய் பதேகாவும் தாராபாய் மோடக்கும் 1926இல் நூதன் பால சிக்ஷண சங்கத்தை அமைத்தார்கள். கிஜுபாயின் 'பகல் கனவு' தமிழிலும் வந்திருக்கிறது. தாராபாய் 1945இல் பம்பாய்க்கு வடக்கே போர்டிக்குப் போனார், பிறகு கோஸ்பாட்டுக்குப் போனார். மொன்ரிசோரியின் விலைகூடிய மரப் பொருட்களை விட்டுவிட்டு விதைகளையும் கற்களையும் மண்ணையும் எடுத்தார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி ஆதிவாசிகளின் முற்றத்துக்குப் போகட்டும் என்றார். அந்த முற்றப்பள்ளிதான் அங்கன்வாடி. 1975க்குப் பிறகு இந்திய அரசு அந்தப் பெயரை எடுத்து நாடு முழுவதும் விரித்தது. பெயர் போன அளவுக்கு உள்ளடக்கம் போனதா என்பது வேறு விவாதம். ஆனால் தாராபாயின் சங்கம் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போனது. பிள்ளையைத் தான் இருக்கும் இடத்துக்கு அழைக்கவில்லை.

5

'தேசிய மன்று' என்றாலே பாசிசம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். நாம் வாழும் இந்த நாட்டிலேயே அதற்கு எதிர் உதாரணம் இருக்கிறது. நெதர்லாந்தின் மொன்ரிசோரிச் சங்கம் 1917இல் அமைந்தது. அதே ஆண்டுதான் இங்கு அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, தனியார் மன்றுகள் நடத்தும் பள்ளிகளுக்கும் அரச பள்ளிகளுக்குச் சமமாக நிதி வழங்குவதென முடிவானது. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், மொன்ரிசோரியினர், 1980களின் பிற்பகுதியில் இருந்து முஸ்லிம்கள், சுரினாமில் இருந்து வந்த இந்துக்கள் என்று பலரும் இந்த வழியில் பள்ளிகளை நடத்துகிறார்கள். அரசு பணம் தரும், தரத்தைப் பரிசோதிக்கும். எப்படிக் கற்பிப்பது என்பதைப் பள்ளியே தீர்மானிக்கும். பிடிக்காத பெற்றோர் வேறு பள்ளிக்குப் போகலாம், புதிதாக ஒன்றைத் தொடங்கவும் முயலலாம்.

ஆக, இத்தாலியிலும் மன்று, இங்கேயும் மன்று. வேறுபாடு மன்றின் நோக்கத்தில் இல்லை, அதைச் சுற்றியிருந்த அரசியலில் இருக்கிறது. இங்கே சங்கம் பல மன்றுகளில் ஒன்று. அங்கே மன்று ஒரே தலைவனின் நிழலில் நின்றது.

ஆனாலும் சுற்றியுள்ள அரசியல் உடைந்தால் எந்த முறையும் பிள்ளையைக் காப்பாற்றாது என்பதையும் இதே நாடுதான் காட்டியது. பிராங்பேர்ட்டில் இருந்து அகதியாக வந்த ஆன் பிராங்க் என்ற சிறுமி 1934இல் அம்ஸ்ரடாமின் ஆறாவது மொன்ரிசோரிப் பள்ளியில் சேர்ந்தாள். 1941 கோடையின் பின் ஆக்கிரமிப்பு ஆட்சியின் உத்தரவின்படி யூதப் பிள்ளைகள் தனிப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்பட்டார்கள். அந்த வகுப்பறையில் சின்ன மேசைகள் இருந்தன. பிள்ளை தானே தெரிவுசெய்யும் வேலை இருந்தது. உத்தரவு வந்த அன்று அவை எதையும் தடுக்கவில்லை.

6

எமது வகுப்புகளுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை வரை டச்சுப் பள்ளியில் ஏன் என்று கேட்டால் மெச்சப்படும் பிள்ளை, சனிக்கிழமை வரிசையில் இருந்து குறள் ஒப்புவிக்கிறது. பொருள் கேட்டால் அதற்கும் மனனம் செய்த பதில் இருக்கிறது. பாடநூலில் வயல், மாட்டுவண்டி, பனை. அந்தப் பிள்ளை பார்த்த கால்வாயும் ரியூலிப் வயலும் ட்ராமும் தமிழில் எந்தப் பக்கத்திலும் இல்லை. தமிழ் என்பது அப்பா அம்மா விட்டுவந்த இடத்தின் மொழி, தான் இருக்கும் இடத்தின் மொழியல்ல என்று அந்தப் பிள்ளை முடிவுசெய்தால் அது அதன் குற்றமல்ல.

இதை மற்றவர்கள் மேல் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. ஒரு முறை பரீட்சையில் 'எனது ஊர்' என்று கட்டுரை. ஒரு பெண்பிள்ளை, பத்து வயது இருக்கும், தான் வசிக்கும் ஊரைப் பற்றி எழுதியிருந்தாள். கடற்கரை, காற்று, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வழி, மீன் விற்கும் வண்டி. பிழைகள் இருந்தன, ஆனால் தமிழ் உயிரோடு இருந்தது. பக்கத்துப் பிள்ளை தான் ஒருபோதும் பார்க்காத யாழ்ப்பாணத்தைப் பற்றி, வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதியிருந்தான். விடைத்தாள் திருத்துவதற்குத் தரப்பட்ட குறிப்பில் 'தாயகத்தில் உள்ள ஊர்' என்று இருந்தது. நான் அந்தக் குறிப்பைப் பின்பற்றினேன். பெண்பிள்ளைக்குப் பத்துப் புள்ளி வெட்டினேன். அடுத்த தவணை அவள் வரவில்லை. அதனால்தான் வரவில்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தத் தாளை நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் அது.

பிள்ளையைச் சொத்தாகப் பார்க்கும் பழக்கம் எமக்கு வரைவோடு வரவில்லை. குடும்பத்தில் பிள்ளை மானத்தின் சொத்து. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெறுபேறு வரும் நாளில் எத்தனை வீடுகளில் எந்த வயதுப் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள் என்று எமக்குத் தெரியும். பிறகு யுத்தம் வந்தது. அரசு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு போட்டது. 1995 செப்ரெம்பர் 22, நாகர்கோவில், கொல்லப்பட்டவர்கள் மாணவர்கள். எமது பக்கத்திலும் பிள்ளைகளின் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்ததை யுனிசெப் பதிவுசெய்தது. 2003இல் சிறுவர்களுக்கான செயற்திட்டத்தில் கைச்சாத்திட்ட பின்பும் அது நிற்கவில்லை. 2004இல் பிரிந்துபோன கருணா தரப்பும் அதையேதான் செய்தது. அப்போது இந்தப் புகலிடத்தில் இருந்த நாம் என்ன செய்தோம்? எமது பிள்ளைகளை டச்சுப் பள்ளிக்கும் பியானோ வகுப்புக்கும் அனுப்பிவிட்டு, அங்குள்ள பிள்ளைகளைத் தேசத்தின் சொத்து என்றோம். இந்தச் சொல்லை வரைவில் பார்த்ததும் எனக்கு ஏன் நெஞ்சு அடைத்தது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது புதுச் சொல் அல்ல என்பதுதான் பதில்.

எதிர்வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். அமைப்பு இல்லாமல் மொழி நிற்காது என்கிறார்கள். உண்மை. 1980களின் இறுதியிலும் 90களிலும் வகுப்புகளைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் அமைப்பு சார்ந்தவர்கள். எம்மைப் போன்ற விமர்சகர்கள் சஞ்சிகை நடத்தினோம், வகுப்பு நடத்தவில்லை. அன்று அவர்கள் இல்லாவிட்டால் இன்று விமர்சிக்கவும் ஒன்று இருந்திராது. தனித்தனி வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல், இடம் இல்லாமல் ஒவ்வொன்றாக மூடுப்படுகின்றன என்பதும் உண்மை. பொது நூலும் பயிற்சியும் வேண்டும். ஆகவே மன்று வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தகைய மன்று என்று கேட்கிறேன்.

7

வரைவுக்கு நான் முன்வைக்கும் திருத்தங்கள் நான்கு.

ஒன்று, மன்று வகுப்புகளின் உடைமையாளராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு வகுப்பும் அந்த ஊர்ப் பெற்றோரின் தெரிவில் தனியாக நிற்கட்டும். மன்றோடு சேரவும் விலகவும் அதற்கு உரிமை வேண்டும். விலகும்போது தன் நிதியையும் புத்தகங்களையும் பெயரையும் கொண்டுபோக வேண்டும். மொன்ரிசோரிக்கு 1933இல் இல்லாத வாசல் இதுதான். இதற்கு வரைவில் ஒரு வரியும் இல்லை.

இரண்டு, மன்றுக்குக் கௌரவத் தலைவர் வேண்டாம். எந்தத் தலைவரின் படமும், எந்த உறுதிமொழியும், எந்தக் கொடியும் வகுப்பறைக்குள் வேண்டாம். 2009இன் அந்த மாதங்களில் நாமே பிள்ளைகளின் கையில் பதாகையைக் கொடுத்துக் குளிரில் நிறுத்தினோம். நானும் நிறுத்தினேன். அன்று வேறு வழி தெரியவில்லை. அதை ஒரு கல்விமுறையாக நிலைநிறுத்தக் கூடாது. பெற்றோர் தம் பிள்ளையை எங்கும் கூட்டிப் போகலாம். வகுப்பு அழைத்துப் போகக் கூடாது.

மூன்று, பொதுநூல் ஒன்று அல்ல, பல இருக்கட்டும். இத்தாலியின் ஒற்றைப் பாடநூலும் தேச ஒற்றுமையின் பெயரில்தான் வந்தது. இங்கே வளரும் பிள்ளைகளின் எழுத்தே வாசிப்பு நூலாகட்டும். மனனப் போட்டிக்கு ஒரு மேடை இருப்பதைப் போல், பிள்ளைகள் தாமே எழுதியதை வாசிக்கவும் ஒரு மேடை இருக்கட்டும். பேச்சுத் தமிழில் தொடங்கும் பிள்ளையை 'கொச்சை' என்று இருத்தக் கூடாது. வீட்டுத் தமிழ் வழியாகத்தான் எழுத்துத் தமிழுக்குப் போக முடியும்.

நான்கு, முதற் பக்கத்தில் உள்ள 'சொத்து' என்ற சொல் நீக்கப்பட வேண்டும். இதைச் சொல் விளையாட்டு என்பார்கள். நாளை ஒரு பிள்ளை மன்றின் கூட்டத்தில் எழுந்து, எனக்கு இந்தப் பாடம் பிடிக்கவில்லை என்று சொன்னால், அதற்கு யாப்பில் எந்தச் சொல் பதில் சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள்.

மொன்ரிசோரி 1952 மே மாதம் நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் கடற்கரை ஊரில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். உலகத்திலும் மனிதர்களிடத்திலும் சமாதானத்தைக் கட்டத் தன்னோடு சேருமாறு பிள்ளைகளை வேண்டுவதாக அந்தக் கல்லில் இத்தாலிய மொழியில் எழுதியிருக்கிறது. அவர் தேசத்தை வேண்டவில்லை. ஒபேரா நாசியனாலே 1947இல் மீண்டும் அமைக்கப்பட்டு ரோமில் இயங்குகிறது. 1990இல் இத்தாலி தன் ஆயிரம் லீரா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. விரட்டியவர்களைத் திரும்ப எடுத்துத் தன் சொத்தாக அச்சிடுவதில் எந்தத் தேசமும் பின்நிற்பதில்லை.

இந்த நான்கு திருத்தங்களும் ஏற்கப்பட்டால் வரைவுக்கு நான் ஆதரவாக வாக்களிப்பேன், விரும்பினால் சனிக்கிழமைகளில் மறுபடி வகுப்பும் எடுப்பேன். முதலாவதும் நான்காவதும் ஏற்கப்படாவிட்டால் எதிர்த்து வாக்களிப்பேன். வரைவை எழுதிய நண்பர்கள் இதே பக்கங்களில் பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களும் எழுதட்டும். இந்த வகுப்புகளில் படித்து வெளியேறி, இப்போது இருபது முப்பது வயதில் இருப்பவர்கள் டச்சிலாவது எழுதட்டும், நாம் மொழிபெயர்ப்போம். இத்தனை ஆண்டுகளாக அவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவர்களிடம் கேட்டதில்லை.